தைலத்துக்கு முன்

பதினொரு விநாடி.
மாடிப்படியில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு
"அம்மாடி" என்பேன்.
அவ்வளவுதான் நான்.
தைலம் தேய்த்த பிறகு துள்ளி ஏறுகிறவள்
கோலாலம்பூர்க்காரி, வேறொருத்தி.
அவளுக்குச் சம்பளமும் வேறு.

விளம்பரம் வந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம்,
தவமலர் மைவியைக் கழுவித் துடைத்து
தம்பியின் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றாள்.
"ஏறு புஷ்பலீலா, இன்னைக்கு டவுனே உன்னுது."

டவுன் என்றால்
சிக்னல் விளக்கு இரண்டு,
நகைக்கடை மூன்று, அடகுக்கடை ஐந்து.
எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும்
கோடியில் செம்பனை.

ஜவுளிக்கடை அமீனுதீன் பாய் எழுந்தே விட்டார்.
காற்றாடியை என் பக்கம் திருப்பினார்,
நாற்காலி போட்டார்.
"உக்காருங்க, அந்த முட்டியோட நிக்கக் கூடாது."

பாசார் மாலாமில் அப்பம் பாலேக் விற்கிற காக்கா
கடலை ஒரு கை கூடுதலாகத் தூவினாள்.
கையுறைத் தொழிற்சாலைப் பெண்கள் மூன்று பேர்
சீருடையோடு ஓடி வந்து ஒட்டிக்கொண்டார்கள்.
"ஒருக்கா சொல்லுங்கக்கா, அந்த அம்மாடி!"
சொன்னேன். படம் எடுத்தார்கள்.
டுரியான் கடைப் பக்கம் ஒன்று,
காலுறை மூன்று ஜோடி பத்து வெள்ளிக்குப் பக்கம் ஒன்று.
யாரோ ஒரு பாட்டில் தண்ணீர் நீட்டினார்கள்.
யாரோ கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தார்கள்.

அதற்காகத்தான் வாங்கினேன்
அந்தச் சிவப்புக் குதிகால் செருப்பை.
நாலு அங்குலம். நாற்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
பழைய சிலிப்பரைப் பையில் போட்டுக்கொண்டு
கடைக்குள்ளிருந்தே அதில் நடந்து வந்தேன்,
சாக்கடை மூடி, உடைந்த நடைபாதை,
மீன்கடைத் தண்ணீர் எல்லாவற்றின் மேலும்.
பார்க்கட்டும்.

கராவோக்கே, சாமான்கடைக்கு மேல்மாடி.
இருபத்திரண்டு படி.
கைப்பிடியைத் தொடவில்லை.
ஊதா வெளிச்சத்தில், கருவாட்டு வாசத்தில்
தவுக்கே ஒலிவாங்கியைத் தட்டி
"நம்ம ஊரு பிந்தாங்!" என்றார்.
இரண்டு பாட்டு பாடினேன். இரண்டாவதில்
சரணம் தப்பி மறுபடி பல்லவிக்கே போனேன்.
கைதட்டல் நிற்கவில்லை.
ஆடினேன், ஆடினோம்,
தவமலருக்கு வளையல் உடைந்தது.
நடுவில் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்:
முந்நூறு வெள்ளியில்
மிச்சம் எழுபத்திரண்டு.

பன்னிரண்டரைக்கு மாமாக் கடை.
பந்து ஆட்டம் ஓடுகிற பெரிய திரைக்குக் கீழே
எங்களுக்கென்று ஒரு மேசை துடைத்தார்கள்.
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றினேன்.

அப்போதுதான் வந்தார் சவரிமுத்து,
ஆலைக்குப் போகிற குலை லாரியை ஓரங்கட்டிவிட்டு.
தொப்பியைக் கழற்றினார். படம் கேட்கவில்லை.
கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினார்.
நெகிழிப் பட்டைக்கு மேலும் கீழும்
பிதுங்கிக்கொண்டிருந்தது முட்டி.
"ஏம்மா, அந்தத் தைலத்துக்குக் கேக்குதா?
முப்பத்தஞ்சு வெள்ளி போட்டிருக்கான்."

தவமலர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தாள்.
திரையில் யாரோ கோல் அடித்தார்கள்,
கடை முழுக்கக் கத்தியது,
அவர் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றேன்,
"போத்தல்ல இருந்தது தே ஓ."

கொஞ்ச நேரம் ஆயிற்று அவருக்கு.
பிறகு நெஞ்சு குலுங்கச் சிரித்தார்.
கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.
"அப்ப எனக்கும் அதுவே ஒண்ணு போடச் சொல்லு.
சீனி கொறைச்சு."
உட்கார்ந்து, ஆற்றிக் குடித்து,
காசை வைத்துவிட்டு
ஏணியில் ஏறுகிற மாதிரி
லாரியில் ஏறினார், ஒவ்வொரு காலாக.

நாங்கள் எழுந்தபோது மணி ஒன்றரை.
கொப்புளம் குதிகாலுக்கு இரண்டு.
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
மைவியை நோக்கி நடந்தேன்.
கடைசி மேசைப் பையன்கள்
எட்டிப் பார்த்துக் கூவினார்கள்,
"அக்கா! போறப்ப ஒரு அம்மாடி!"

சரளைக்கல் குத்தியது.
சொன்னேன்.